கண்ணாடிக்குக் கீழே

கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி.
திரையில் ஒரு புனல்:
மேலே ஊரே வந்து விழும்,
கீழே ஒரு பணக்காரர் சொட்டுவார்.
"உறவை வளருங்கள்" என்றார் பயிற்சியாளர்.
பிறந்தநாள் கேக்கின் எடைக்குக்கூட
ஒரு பட்டியல் இருந்தது.

இரவு ரயிலில் வந்து
விடிய திருகோணமலையில் இறங்கினேன்.
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்த மான்
தலையைத் தூக்கி என் பையைப் பார்த்தது.
உள்ளே வெறும் கடதாசி என்று தெரிந்ததோ என்னவோ
தோலுக்கே திரும்பிவிட்டது.

யோகாம்பிகை அக்காவுக்கு
கொட்பேயில் மூன்று பலநாள் படகுகள்,
ஒரு ஐஸ் தொழிற்சாலை,
அலஸ்தோட்டத்தில் வெள்ளைக்காரர் வந்தால் மட்டும்
திறக்கிற பத்து அறைகள்.
எங்கள் கோப்பில் அவவின் சொத்துக்கு ஒரு மதிப்பீடு உண்டு.
அது பாதிகூட இல்லையென்று
ஐஸ் உடைக்கிற சத்தத்திலேயே விளங்கியது.

மேசைக் கண்ணாடிக்குக் கீழே
மூன்று விசிட்டிங் காட்.
மூன்றும் எங்கள் நிறுவனத்தின் அதே நீலம்.
"இந்தப் பெடியன் இப்ப டுபாயில.
இந்தப் பிள்ளை மற்றக் கொம்பனிக்குப் போய்
அங்கயிருந்து கோல் எடுத்தவ,
'அக்கா, இஞ்ச மாத்துங்கோ' எண்டு.
இவர்
டொலர் ஏறின கிழமை போனை நிப்பாட்டினவர்."
கடல் ஒருக்கா கொண்டுபோனது,
டொலர் ஒருக்கா கொண்டுபோனது;
கடலாவது முன்னுக்கு வந்து நின்றது என்றா.

நான் டப்லெட்டைத் திறந்தேன்.
கேள்வி ஏழு:
உங்கள் முதலீடு இருபது வீதம் விழுந்தால்
எப்படி உணர்வீர்கள்?
அக்கா சிரித்தா.
"படகு சொன்ன நாளுக்குத் திரும்பாட்டி
எப்பிடி உணர்வியள் எண்டு கேளுங்கோ.
முதல் ஆறு நாள் சமைப்பன்.
பிறகு சமைக்க மாட்டன்."
அதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது?

பற்றரி செத்தது.
மணி இரண்டு. சாப்பிடவில்லை.
பொய்க்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.
நாங்கள் தள்ளுகிற அந்தத் திட்டத்தில்
எங்களுக்கு எவ்வளவு என்று
அவ கேட்காமலே சொல்லிவிட்டேன்.
நேர்மை என்று நினைக்க வேண்டாம்.
பசி.

ஒரு படகின் ஒரு பயணத்து லாபத்தைத் தந்தா.
அவ்வளவுதான்.
காட்டை வாங்கிப் போன் கவருக்குள் செருகினா.

பதினான்கு மாதம்.
சந்தை விழுந்த நாள் காலை ஆறு மணிக்கு,
தலைமையகம் சொல்லவேண்டிய வசனத்தை அனுப்புமுன்,
நான் கோல் எடுத்தேன்.
"எவ்வளவு?" சொன்னேன்.
"எப்ப ஏறும்?"
"தெரியாது அக்கா."
"நல்லது. தெரியுமெண்டு சொன்ன ஆக்களெல்லாம்
கண்ணாடிக்குக் கீழ."
பின்னால் லொறி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை
கிண்ணியாவிலிருந்து ஒரு குரல்:
"நான் மீராசாஹிப். கருவாட்டு யாவாரம்.
யோகாம்பிகை தங்கச்சி நம்பர் தந்தா.
விழுந்தாலும் சொல்லுவீங்களாமே?"
பிறகு அவருடைய மச்சான்.
பிறகு உவர்மலையில் ஒரு டொக்டர்.
புனல் தலைகீழாய் நின்றது;
அதை வரையத் தெரிந்த ஒருவரும்
எங்கள் மாடியில் இல்லை.

தலைமையகம் மகிழ்ந்து
எனக்கொரு கடிதம் அனுப்பியது.
வாடிக்கையாளரைத் தக்கவைத்தமைக்காகப்
பதவி உயர்வு. கொழும்பு. முதலாம் திகதி.

சொல்லப் போனேன்.
ஐஸ் கட்டியை எண்ணிக்கொண்டிருந்தா,
எண்ணி முடியும் வரை திரும்பவில்லை.
"என்னை வச்சிருந்ததுக்காகவோ
உங்களை எடுக்கினம்?"

வாய் வரவில்லை.
அவ போன் கவரைக் கழற்றினா.
கண்ணாடியின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி
என் பெயரை உள்ளே தள்ளினா.
நீலம் நீலத்தோடு
அச்சொட்டாய்ப் பொருந்தியது.

வாசல் வரை வந்து சொன்னா:
"வரப்போற ஆளிட்டச் சொல்லுங்கோ,
கேக் வேண்டாம்.
எனக்குச் சீனி வருத்தம்.
நாலு வருசமாச் சொல்லுறன்."